பட்டன் தெரிந்தால் போதாது: உதவிப் பணியாளருக்குக் கற்றல் வடிவமைப்புப் பயிற்சி

ஆன்லைன் பாடங்களை நடத்தும் தளமான மூடுலில் (Moodle) குவிஸ் போடுவதும் வீடியோ ஏற்றுவதும், ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பத்தில் கைகொடுக்கும் உதவிப் பணியாளருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆசிரியர் வந்து "இந்தப் பாடத்தை ஆன்லைனுக்கு மாத்தணும்" என்றதும், "எத்தனை வீடியோ இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "இந்த வாரம் முடிஞ்சா மாணவர் எதைச் செஞ்சு காட்டணும்?" என்று கேட்க வைப்பதற்குத்தான் கற்றல் வடிவமைப்புப் பயிற்சி, அதாவது மாணவர் என்ன செய்து கற்பார் என்று முன்கூட்டியே திட்டமிடும் பயிற்சி. ஸ்லைடு போட்டு விளக்கினால் அது வராது.

எங்களுக்குக் கைகொடுத்தது லண்டன் யூசிஎல் (University College London) பல்கலைக்கழகத்தில் உருவான ஏபிசி (ABC) என்ற பயிலரங்கு முறை. கல்வியியல் பேராசிரியர் டயானா லாரிலார்ட் வகுத்த ஆறு கற்றல் வகைகள்தான் அடிப்படை: உள்வாங்குதல் (படிப்பது, பார்ப்பது, கேட்பது), தேடி ஆராய்தல், கலந்துரையாடல், பயிற்சி, கூட்டுவேலை, படைத்தல். வகைக்கு ஒரு நிறத்தில் அட்டை. மேசைக்கு 3, 4 பேர். நேரம் 90 நிமிடம். பாடத்தை ஒரு ட்வீட் அளவுக்குச் சுருக்கிவிட்டு, ஒரு பெரிய தாளில் வாரவாரியாக அட்டைகளை அடுக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் செயல்பாடுகளில் வேண்டியதை டிக் அடித்து, மதிப்பெண் உள்ளதற்குத் தங்க நட்சத்திரம், பின்னூட்டம் மட்டும் தருவதற்கு வெள்ளி நட்சத்திரம் ஒட்ட வேண்டும்.

கற்பனைப் பாடத்தைக் கொடுக்காதீர்கள், எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கான நிஜப் பாடமும் அதன் ஆசிரியரும் மேசையில் இருந்தால்தான் வாக்குவாதம் வரும்.

முதல் சுற்றில் உள்வாங்குதல் அட்டையே வரிசையாக விழும். திருத்தாமல் ஃபோட்டோ எடுத்துவைத்து, பிறகு ஒரே ஒரு வாரத்தை மட்டும் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். அந்த வாரத்தின் கற்றல் நோக்கத்தில் "புரிந்துகொள்வார்" என்றிருந்தால் எந்த அட்டையும் பொருந்துவதுபோலத் தோன்றும். "இரண்டு முறைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து காரணம் சொல்வார்" என்று மாற்றியதும் கலந்துரையாடல் அட்டை தானாகவே மேலே வரும்.

அதிகம் சொதப்புவதும் அந்த அட்டைதான். "உங்கள் கருத்தைப் பகிரவும்" என்று 80 பேருக்கு ஒரே ஃபோரம் திறந்தால் முதல் நான்கு பதிவுகளோடு செத்துவிடும். ஐந்தாமவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. ஆறு பேர் குழுவாகப் பிரித்து, தேர்வைப் பதிய ஒரு கெடு, இன்னொருவர் காரணத்தில் ஓட்டை காட்ட இன்னொரு கெடு என்று வையுங்கள். மூடுலில் 'தனித்தனிக் குழுக்கள்' அமைப்பை மறந்தால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். பட்டன் அறிவு இங்கேதான் உதவும்.

உதவிப் பணியாளர் முதல் பயிலரங்கில் பங்கேற்பாளர், இரண்டாவதில் துணை நடத்துநர், மூன்றாவதில் தனியாக நடத்துபவர்: இந்த வரிசையைச் சுருக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வாரத்துக்குள், தாளில் இருக்கும் ஒரு வாரப் பாடத்தையாவது மூடுலில் கட்டி, மாணவர் கணக்கில் நுழைந்து பார்த்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அந்தத் தாள் சுருட்டியபடியே அலமாரியில் கிடக்கும்.