பீரோவில் இருந்த மருந்துச் சீட்டு

2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரவு, கலிபோர்னியாவில் என் வீட்டில் தங்கியிருந்த தம்பி கைதானான். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பதாக நம்பி, கண்ணாடிகளை உடைத்துவிட்டான். அதற்கு முந்தைய ஐந்து நாளும் அவன் சரியாகத் தூங்கவில்லை. அந்த மாநிலத்தில் சேதம் 400 டாலரை எட்டினாலே பெருங்குற்றமாக வழக்குப் போடலாம். போட்டார்கள். அவனோ எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவன்.

நீதிமன்றம் கொடுத்த இலவச வக்கீல் என்னிடம் முதலில் கேட்டது, "இவருக்கு முன்பு மனநல சிகிச்சை நடந்திருக்கிறதா?" இல்லை என்று சொன்னேன். யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. 2020-ல் திருநெல்வேலியில் டாக்டர் பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) என்று சொல்லி, அதற்கான லித்தியம் மாத்திரை கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் நிறுத்திவிட்டோம். பெண் பார்க்கும் நேரத்தில் மாத்திரை டப்பா யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைத்தோம். நானும் அதற்குச் சம்மதித்தவள்தான்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். கலிபோர்னியாவில் 2018 முதல் மனநல டைவர்ஷன் என்ற சட்டப்பிரிவு இருக்கிறது, எண் 1001.36. வழக்கை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்; அதை ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. கொலை போன்ற சில குற்றங்களுக்குக் கிடையாது. கடந்த ஐந்து வருடத்துக்குள் நிபுணர் ஒருவர் நோயைக் கண்டறிந்தோ சிகிச்சை கொடுத்தோ இருக்க வேண்டும். அது இருந்தால், அந்த நோய்க்குக் குற்றத்தில் பெரிய பங்கு இருந்தது என்றே நீதிபதி எடுத்துக்கொள்ள வேண்டும். பங்கு இல்லை என்று சொல்வதற்குத்தான் வலுவான ஆதாரம் வேண்டும். 2023 ஜனவரியில்தான் இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது.

அன்று இரவே அம்மாவுக்கு போன் போட்டேன். "அது எதுக்குடி இப்போ?" என்றார். அழுதார். அப்புறம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்த சீட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. வக்கீல் ஏற்பாடு செய்த உளவியல் நிபுணர் தம்பியை நேரில் பார்த்து, இந்தத் தாள்களையும் படித்துத்தான் அறிக்கை எழுதினார்.

நடுவில் ஒரு ஆபத்து வந்தது. சின்னக் குற்றமாகக் குறைக்கிறோம், ஒப்புக்கொண்டால் இன்றே வெளியே போகலாம் என்று அரசுத் தரப்பு சொன்னது. சிறையில் நான்கு நாளாகத் தம்பிக்கு மருந்து கிடைக்காமல் இருந்ததால் எனக்கு ஆசை வந்தது. வக்கீல் தடுத்தார். குடியுரிமை இல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், வழக்கு பின்னால் தள்ளுபடி ஆனாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனை என்றே கணக்கில் வைக்கும். இந்த டைவர்ஷனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. விசாவில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் நீதிபதி அனுமதித்தார். பெருங்குற்ற வழக்கில் டைவர்ஷன் காலம் அதிகபட்சம் இரண்டு வருடம். எங்களுக்குப் பதினெட்டு மாதம். விரைவான விசாரணை கேட்கும் உரிமையைத் தம்பி விட்டுக்கொடுத்தான். வாராவாரம் கவுன்சிலிங், லித்தியம் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை, சிகிச்சை தருபவர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கை என்று நாட்கள் போயின. கார் கண்ணாடிக்கான பணத்தையும் கட்டினோம். முதல் மூன்று மாதம்தான் கஷ்டம். கை நடுக்கம் என்று இரண்டு முறை மாத்திரையை விட்டுவிட்டான். டாக்டரிடம் மறைக்காமல் சொன்னோம். அளவை மாற்றிக் கொடுத்தார்.

2024 டிசம்பரில் வழக்கு தள்ளுபடி. கைதே நடக்காததுபோலச் சட்டம் கருதும்; பதிவுகளையும் பொதுவில் பார்க்க முடியாதபடி மூடிவிடுவார்கள். ஆனால் அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கிறது. அங்கே ஆம் என்றுதான் போட வேண்டும் என்று குடியேற்ற வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் பதிவுகளை மூடுவதற்கு முன்பே தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று வாங்கினோம்.