இடம் பெயர்ந்த மண்ணீரல்

மார்ச் 4

'அடிவயிற்றில் கட்டி' என்று குறிப்பெழுதி என்னிடம் ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார்கள். இளம்பெண். விட்டுவிட்டு வலி. அல்ட்ராசவுண்டில் கருப்பைக்கு மேலே ஒரே சீரான திடக்கட்டி தெரிந்தது. சினைப்பைகள் இரண்டும் ஒழுங்காகத் தனியே இருந்தன. அப்படியானால் இது எங்கிருந்து முளைத்தது? ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் பார்த்தேன். ஒரு பக்கத்துப் பள்ளத்தின் வழியே ரத்தக்குழாய்கள் நுழைந்து உள்ளே கிளை பிரிந்தன. கட்டிக்கு இத்தனை ஒழுக்கமான ரத்த ஓட்டம் ஏது! உடனே இடது விலாவுக்கு அடியில் தேடினேன். மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்தில் குடல் வாயுதான் கிடந்தது.

வாயுவைத் தாண்டி ஒலியலை போகாது. மண்ணீரல் அங்கே இல்லையா, மறைந்திருக்கிறதா என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. சி.டி. கேட்டேன்.

மார்ச் 5

சந்தேகம் தீர்ந்தது. இடது மேல்வயிறு காலி, மண்ணீரல் இடுப்புக்குழியில். தாங்கிப் பிடிக்கும் நாண்கள் பிறவியிலேயே இல்லாமலோ பிறகு தளர்ந்தோ போனால், அது ரத்தக்குழாய்க் காம்பில் தொங்கியபடி அலையும். இவருக்குக் காம்பு நீர்ச்சுழிபோல முறுக்கியிருந்தது. ஆனாலும் ரத்தத்தில் செலுத்திய காண்ட்ராஸ்ட் மருந்து ஏறி, படத்தில் மண்ணீரல் முழுதும் வெளுப்பாகத் தெரிந்தது. ரத்தம் நின்றிருந்தால் கறுத்துக் கிடந்திருக்கும். அறிக்கையின் முதல் வரியில் ரத்த ஓட்டம் இருப்பதைத்தான் எழுதினேன். அபூர்வப் பெயரை முதலில் போட்டு மகிழ்வது நம் துறையின் பலவீனம். அறுவை மருத்துவருக்கு வேண்டியது உறுப்பு பிழைக்குமா என்பது.

மார்ச் 7

வேறொரு நோயாளி. எக்ஸ்ரேயில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில், வலது பக்கம் காற்று. குடலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறிவிட்டது என்று பதறினார்கள். நோயாளியோ நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வயிற்றில் இறுக்கமே இல்லை. சி.டி.யில் பார்த்தால், கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே பெருங்குடல் புகுந்திருக்கிறது. காற்று குடலுக்குள்ளேயேதான் இருக்கிறது. 1910-இல் சிலைடிட்டி விவரித்த நிலை. கத்திக்கு வேலையில்லை.

மார்ச் 11

அந்த இளம்பெண்ணுக்கு முறுக்கைப் பிரித்து மண்ணீரலை மேலே பொருத்திவிட்டார்கள். அகற்றாதது நல்லது; மண்ணீரல் இல்லாதவர்களை நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் கடுமையாகத் தாக்கும்.

மறுபரிசோதனைக்குப் பயிற்சி மருத்துவர் மீண்டும் சி.டி. எழுதியிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன். இந்த வயதில் இன்னொரு முறை கதிர்வீச்சு எதற்கு? மண்ணீரல் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. விலா இடுக்கு வழியே டாப்ளரில் பார்த்தால் ரத்த ஓட்டம் தெரிந்துவிடும்.