அமெரிக்காவுக்கு டேக்வாண்டோவைக் கொண்டுசென்றவர்

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவுக்கு அமெரிக்காவில் தந்தை என்று போற்றப்படும் ஜூன் கூ ரீ, 1932-இல் கொரியாவில் பிறந்து, 1950-களில் டெக்சாஸ் மாநிலத்துக்கு வந்து, கல்லூரியில் படித்துக்கொண்டே அக்கலையைக் கற்பித்தவர். 1962-இல் வாஷிங்டன் நகரில் தமது பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழிப்பறிக்கு ஆளான செய்தியை அறிந்து, அவரைத் தாமே தொலைபேசியில் அழைத்துத் தற்காப்பு கற்றுத்தர முன்வந்தார். 1965-இல் அவ்வாறு தொடங்கிய வகுப்பில், பின்னர் இரு கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்கள் வெள்ளைச் சீருடை அணிந்து பல்லாண்டுகள் கட்டணமின்றிப் பயின்றார்கள். அயல்நாட்டுக் கலையொன்று வேரூன்ற இதைவிடச் சிறந்த நிலம் வாய்த்திருக்குமா என்று வியக்கிறேன்.

புரூஸ் லீயும் அவரும் நெருங்கிய நண்பர்கள். ரீ உயர உதைக்கும் நுட்பங்களை புரூஸ் லீக்குக் காட்ட, லீ விரைவாகக் குத்தும் முறையை ரீக்குக் கற்றுத்தந்தார். அந்தக் குத்தைப் பிற்காலத்தில் முகம்மது அலிக்கும் ரீ சொல்லிக்கொடுத்தார்.

ஆயினும், மாணவர்கள் காயமின்றி மோதிப் பழகுவதற்காக அவர் உருவாக்கிய நுரைப்பஞ்சுக் கவசங்களையே அவரது தலையாய கொடையாக நான் கருதுகிறேன். 2018 ஏப்ரல் 30 அன்று அவர் மறைந்தார்.