பெரியப்பா வெயிலில் பிடித்துப் பார்த்த படம்

மாசி மாதப் பிற்பகல் ஒன்றில், பாலக்கோட்டு வீட்டுத் திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெரியப்பா, மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த தம்பியின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்த படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தருமபுரி ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு, அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?" என்று கேட்டார். அறிக்கையில் இயல்பு என்றிருந்ததை வீடே நம்பியது. நானும் மறுத்துப் பேசவில்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் மாதம், தக்காளி மண்டியில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தம்பி இரவெல்லாம் தூங்காமல் கதவருகே நிற்கத் தொடங்கினான். மறுபடியும் மருத்துவரிடம் ஓடினோம்.

மனச்சிதைவு நோயையும் மூளையின் வெண்பொருளையும் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளே வெண்பொருள். இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறை அதற்கு வெண்ணிறத்தையும் செய்திகளுக்கு வேகத்தையும் தருகிறது. இந்த இணைப்புகள் இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதையொட்டித்தான் என்பது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. தம்பிக்கு அப்போது 21.

சாதாரண எம்.ஆர்.ஐ., கட்டியோ ரத்தக்கசிவோ காரணமாக இருக்குமா என்று பார்ப்பதற்கானது. இழைகளின் நுண்ணமைப்பை ஊகிக்க, நீர் மூலக்கூறுகள் எத்திசையில் பரவுகின்றன என்று அளக்கும் டிஃப்யூஷன் டென்சர் முறை வேண்டும். கரை கெட்டியான வாய்க்காலில் தண்ணீர் நேராக ஓடும், கரை இளகினால் பக்கவாட்டிலும் கசியும்; ஏறத்தாழ அப்படித்தான். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியான எனிக்மா கூட்டாய்வு, 1,963 நோயாளிகளை நலமுள்ள 2,359 பேரோடு ஒப்பிட்டு, ஆராய்ந்த 25 பகுதிகளில் 20இல் நீர் இழையின் போக்கிலேயே பரவும் இந்தத் திசையொழுங்கு நோயாளிகளிடம் சராசரியாகக் குறைந்திருப்பதைக் கண்டது.

அந்தச் 'சராசரியாக' என்ற சொல்லைப் பெரியப்பாவுக்கு விளக்கத்தான் பெரும்பாடு பட்டேன். வேறுபாடு பெரிதன்று, இரு தரப்பாரின் அளவுகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, ஆகையால் தனியொருவரின் படத்தை வைத்து இந்த நோய் உண்டென்றோ இல்லையென்றோ சொல்லிவிட முடியாது. குறைந்தது மயலினா, இழைகளின் அடர்த்தியா என்பதையும் அந்த அளவு பிரித்துக் காட்டாது. இன்றைக்கும் மருத்துவர் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசி, அறிகுறிகளைக் கேட்டறிந்துதான் நோயை முடிவுசெய்கிறார்.

"அப்போ ஸ்கேனுக்குக் கட்டுன காசு தண்டமா?" என்றார் பெரியப்பா. கட்டியில்லை என்று தெரிந்துகொள்ளக் கட்டிய காசு அது என்றேன். இப்போது இரவு எட்டு மணிக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் அவரே. படம் பரண்மேல், ஜாதகக் கட்டோடு கிடக்கிறது.