ஆறடித் தொட்டி: மண்ணும் கூட்டாளிகளும்

பிப்ரவரி 2, 2025

மீன் தொட்டி பாளையங்கோட்டையில், தரைத்தளத்தில். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கண்ணாடி 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். தண்ணீர், மண், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 850 கிலோவைத் தாண்டும். மாடியில் வைக்க நினைப்பவர்கள் பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

மீனைப் பற்றி யோசிக்கும் முன்பு தண்ணீரை அளந்தாயிற்று. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர்: டி.டி.எஸ். (கரைந்த உப்பு) 160, பி.எச். (அமில, காரத் தன்மை) 7.4, கார்பனேட் கடினம் (பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிப்பது) 4 டிகிரி. வீட்டு போர் தண்ணீர்: டி.டி.எஸ். 980, பி.எச். 8.1, கடினம் 14. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு உலகம்.

குழாய்த் தண்ணீர் தென்னமெரிக்க மீன்களுக்குப் பொருந்தும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் ஆர்.ஓ. வைத்து மல்லுக்கட்ட வேண்டாம், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களை வளர்க்கலாம், அவற்றுக்கு பி.எச். 7.8 முதல் 8.6 வரைதான் சொந்த ஊர். இங்கே முடிவு: ஆஸ்கர், ஜியோஃபேகஸ், சில்வர் டாலர்.

பிப்ரவரி 5

மண். நேரம் அதிகம் போனது இதில்தான்.

ஆஸ்கரும் ஜியோஃபேகஸும் சிக்லிட் என்ற மீன் குடும்பம். சிக்லிட் மண்ணைத் தோண்டும் சாதி. இதற்கு ஆதாரம் தேடி அமேசான் போக வேண்டியதில்லை. கோடையில் குளம் வற்றும்போது கரையோரச் சகதியில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அழுத்தியது போல வட்ட வட்டமாகப் பள்ளம் தெரியும். ஜிலேபிக் கெண்டை ஆண்கள் வாயால் அள்ளிப் போட்டுக் கட்டிய முட்டைக்குழி அது. 1952இல் இந்தியாவுக்கு வந்த அந்த மீனும் சிக்லிட்தான். குளத்தில் செய்வதைத்தான் தொட்டியிலும் செய்யும்.

ஜியோஃபேகஸ் இன்னும் ஒரு படி மேல். மண்ணை வாய் நிறைய அள்ளி, இரையைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக உதிர்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் செவுள் மூடிக்குக் கீழே மண் மெல்லிய திரைபோல வழிவது தெரியும். அதனால் மணி உருண்டையாகவும், 1 மி.மீ. பருமனில் அல்லது அதற்குள்ளும் இருக்க வேண்டும். பட்டாணி அளவுக் கூழாங்கல் இரண்டு வகையில் கெடுதல்: ஆஸ்கர் வாயில் கவ்வினால் தொண்டையில் சிக்கலாம், கல்லின் இடுக்கில் விழுந்த தீனி அழுகும். கல் போட்டால் வாய்க்குள் நுழையாத கல், மண் போட்டால் செவுளில் நிற்காத மண். நடுவில் உள்ள எதுவும் வேண்டாம்.

இந்தப் பக்கம் கைக்கெட்டும் மண்களைப் பார்த்து ஒதுக்கியது:

எம்-சாண்டு: கல்லை உடைத்த மண், முனை கூர்மை, கிரஷர் தூசி வேறு. செவுளைக் கிழிக்கும். வேண்டாம்.

தேரி மண்: திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் கண்ணுக்கு அழகு. மணியின் மேல் இரும்புத்துரு ஒட்டிய சிவப்பு, ரொம்பப் பொடி. கிளறினால் தண்ணீர் செங்காவியாகும். ஜியோஃபேகஸ் கிளறாத நாள் கிடையாது.

கடற்கரை மணல்: உவரிப் பக்கம் சிவப்பும் கறுப்புமாகப் படிந்து கிடப்பது கார்னெட்டும் இல்மனைட்டும். அதை அள்ளுவது சட்டப்படி தப்பு. வெறும் வெள்ளை மணல் என்றாலும் சிப்பித்தூள் கலந்திருக்கும், தண்ணீரின் கடினத்தை ஏற்றிவிடும். மலாவிக்காரர்களுக்கு லாபம், நமக்கு இல்லை.

ஆற்று மணல் நல்ல மணல்தான். ஆனால் அனுமதியில்லாமல் ஆற்றிலிருந்து ஒரு வாளி எடுத்தாலும் அது திருட்டு.

கடைசியில் வாங்கியது, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகளில் போடும் சிலிக்கா ஃபில்டர் மணல். 16/30 மெஷ், அதாவது 0.6 முதல் 1.18 மி.மீ. வரை. 25 கிலோ மூட்டை இரண்டு. கணக்கு: 183 × 61 செ.மீ. தரையில் 3 செ.மீ. உயரத்துக்கு 33 லிட்டர் மண், லிட்டருக்கு ஒன்றரை கிலோ, ஆக 50 கிலோ.

ஒரு கைப்பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பார்த்தாயிற்று. நுரை இல்லை. இன்னொரு பிடியை அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து டி.டி.எஸ். பார்க்க வேண்டும். வினிகர் வீரியம் குறைந்தது, கொஞ்சமாக இருக்கும் சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்காது.

பிப்ரவரி 9

ஊறல் தண்ணீரில் டி.டி.எஸ். அசையவில்லை. மண் தேறியது.

கழுவும் விதம்: வாளியில் மூன்றில் ஒரு பங்கு மண், அடிவரை ஹோஸ், அரிசி களைவது போலக் கையால் கிளறி, கலங்கலை வழியவிடுவது. வாளிக்கு எட்டுத் தடவை ஆனது. கடைசித் தண்ணீரில் விரல் ரேகை தெரிந்தால் போதும்.

முதலில் கல், பிறகுதான் மண். வரிசை மாறினால், மீன் கல்லுக்கடியில் குடைந்து, கல் சரிந்து, கண்ணாடி போகும். கருங்கல் ஐந்து, மொத்தம் 60 கிலோ. அடிக்கண்ணாடியின் மேல் டியூப்லைட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் சதுரக்கட்டத் தகடு, அதன் மேல் கல், பிறகு சுற்றிலும் மண். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலாவித் தொட்டிக்கு நன்றாக இருக்கும். இங்கே போட்டால் குழாய்த் தண்ணீரைத் தேர்ந்தெடுத்ததே வீண்.

மண்ணின் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை விட்டது. வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 650 லிட்டர்.

பிப்ரவரி 12

சைக்கிளிங் ஆரம்பம், அதாவது மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை மீனுக்கு முன்பே வளர்ப்பது. அம்மோனியாவுக்கு அம்மோனியம் குளோரைடு 4 கிராம். 650 லிட்டரில் சுமார் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். இது வேறொன்றுமில்லை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம். அந்தக் கட்டியில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் லேப் தரத்தில் வாங்கியது.

ஓடிக்கொண்டிருக்கும் மூன்றடித் தொட்டியின் ஸ்பாஞ்சை சம்ப்பில் பிழிந்துவிட்டாயிற்று. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய கார்பனேட் கடினம் கரையும்; 4 டிகிரியில் ஆரம்பிக்கும் தண்ணீரில் அது ஒருநாள் தீர்ந்து பி.எச். குப்புற விழும். ஒரு டிகிரி ஏற்ற, இந்தத் தொட்டிக்கு சமையல் சோடா 20 கிராம்.

மார்ச் 8

2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யம், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம். பாதித் தண்ணீர் மாற்றியாயிற்று.

போர் தண்ணீர்க்காரர்கள் இந்தப் பூஜ்யத்தில் கறாராக இருக்க வேண்டும். 30 டிகிரி சூட்டில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவம்; பி.எச். 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல். சோதனைக் குப்பி இரண்டிலும் ஒரே நிறம்தான் காட்டும்.

மார்ச் 9

கூட்டாளிகள் பட்டியல் முடிவானது.

சில்வர் டாலர் 6. எப்போதும் நடுத்தண்ணீரில் கூட்டமாக ஓடுவதால் மற்ற மீன்களுக்குப் பயம் தெளியும். பாதிக்கு மேல் இலைதழை தின்னும். செடி வைக்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடலாம்.

ஜியோஃபேகஸ் 6. இரண்டு மூன்று வாங்கினால் கடைசியில் இருப்பது அடிவாங்கியே சாகும். ஆறு இருந்தால் அடி பங்கு பிரியும்.

ஆஸ்கர் 1. இரண்டு வேண்டாமா என்று கேட்பார்கள். சின்னதில் ஆண், பெண் தெரியாது. ஜோடி சேர்ந்தால் முட்டையிட்டுத் தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொள்ளும். சேராவிட்டால் ஒன்று மூலையில் ஒடுங்கும்.

சேர்க்காதவை: ஃபிளவர்ஹார்ன் (தனித்தொட்டி மீன், பேச்சே இல்லை). டெட்ரா, கப்பி (இரை). 'ரூப்சந்த்' என்று விற்கும் பாக்கு (தொட்டிக்குள் அடங்காது). அப்புறம் சக்கர். எந்தக் கடையிலும், "அண்ணாச்சி, டேங்க் கிளீனர் ஒண்ணு போட்டுக்கிடுங்க, பாசி எல்லாம் தின்னுரும்" என்பார்கள். வளர்ந்தால் ஒன்றரை அடிக்குப் போகும், தின்பதைவிடக் கழிவது அதிகம், ராத்திரியில் தட்டை உடம்பு மீன்களின் வழுவழுப்பை உரசித் தின்னப் பார்க்கும். குட்டிச் சக்கரை ஆஸ்கர் விழுங்கினால், முள்ளை விரித்துத் தொண்டையில் நிற்கும், இரண்டும் போகும். வளர்ந்த பிறகு குளத்தில் கொண்டுபோய் விடுவது அடுத்த அநியாயம். பாசிக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும்.

மார்ச் 30

கிட்டத்தட்ட மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகு இறக்கியது. முதலில் சில்வர் டாலர், இரண்டு நாள் கழித்து ஜியோஃபேகஸ், இன்று ஆஸ்கர். சண்டைக்காரன் கடைசியில் வர வேண்டும். முதலில் வந்தால் இடம் அவன் பேரில் எழுதியாகிவிடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்று அங்குலம். விளக்கை அணைத்துவிட்டு இறக்கி, கல் ஒன்றை இடம் மாற்றி வைத்தது.

தீனி: மிதக்கும் உருண்டை இடது மூலையில் ஆஸ்கருக்கு. அது அங்கே நிற்கும்போது வலது பக்கம் 2 மி.மீ. மூழ்கும் தீனி. இரைக்கென்று தங்கமீன் போடுவதில்லை. அதிலுள்ள தயாமினேஸ் நாளடைவில் பி1 வைட்டமினை அழிக்கும்.

ஏப்ரல் 13

இரண்டு கோளாறு.

ஒன்று: மோட்டாரில் கரகரப்பு. ஜியோஃபேகஸ் முன்பக்க மண்ணை வாரிப் பின்னால் குவித்ததில், தண்ணீர் சம்ப்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ சீப்பின் கீழ்வாய் வரை மண் ஏறி சம்ப்புக்குப் போயிருக்கிறது. இம்பெல்லரைக் கழற்றிக் கழுவி, கீழ்வாயை அடைத்து, மண் மட்டத்துக்கு 15 செ.மீ. மேலிருந்துதான் தண்ணீர் எடுக்கும்படி செய்தாயிற்று.

இரண்டு: பெரிய கல்லுக்குப் பின்னால் மண் 7 செ.மீ. உயர்ந்து, கண்ணாடியோரம் கறுப்புத் திட்டு. குச்சியால் தொட்டதும் குமிழி, அழுகிய முட்டை நாற்றம். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரற்கிடைதான். மண் விழுகிறது, மீன் நுழைந்து கிளற முடியவில்லை. மொத்தமாகக் கிளறினால் அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு தொட்டி முழுவதும் பரவும். ஹோஸால் இன்று பாதித் திட்டை மட்டும் உறிஞ்சி, 30 சதவீதம் தண்ணீர் மாற்றம். கல்லை 15 செ.மீ. முன்னால் நகர்த்தியது.

தண்ணீர் மதியம் 32 டிகிரி. மூடியைத் தூக்கி, டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட்டதில் 29.5க்கு இறங்கியது. வற்றும் தண்ணீருக்கு ஆர்.ஓ. மட்டும், உப்பு வற்றாதே. கரண்டு போனால் பேட்டரி ஏர்பம்ப்.

மீதித் திட்டு வியாழக்கிழமை. அதுவரை அந்தப் பக்கம் தீனி கிடையாது.