ஃபோம் கவசத்துக்கு ரெசின் பூசும்போது

வேடத்துக்கான தலைக்கவசம் ஒன்றைத் தெர்மாகோலில் செதுக்கி முடித்து, அது கல்லுப்போல் இறுகட்டும் என்று பாலியெஸ்டர் ரெசினை (பூசியபின் இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) எடுத்துப் பூசினேன். தூரிகை பட்ட இடமெல்லாம் மெல்ல உள்வாங்கியது. சற்று நேரத்தில் இடது கன்னம் முழுவதும் குழிந்து, பிசுபிசுத்த கூழாகிவிட்டது. பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன், தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எப்பாக்சி ரெசினில் ஸ்டைரீன் இல்லாததால் இந்த ஆபத்தும் இல்லை.

கவசம் செய்யப் பயன்படும் ரப்பர் போன்ற ஈவா ஃபோம் எந்த ரெசினிலும் இப்படிக் கரைவதில்லை. அதன் சிக்கல் வேறு. அது வளையும், ரெசின் வளையாது. ஆகையால் தோள்பட்டைக் கவசம், வாளின் அலகு போன்ற விறைப்பான பாகங்களுக்கு மட்டுமே ரெசின் பூசுகிறேன். முழங்கை மடியும் இடத்தில் பூசினால் இரண்டாம் முறை கையை மடக்கும்போதே வெடித்து உரிந்துவிடும். பூசுமுன் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் மேற்பரப்பைச் சீராகச் சூடேற்றினால், திறந்திருக்கும் நுண்துளைகள் மூடிக்கொண்டு இலேசான பளபளப்பு தோன்றும். வெட்டிய விளிம்புகளை இதில் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் ரெசினை அதிகம் உறிஞ்சுபவை அவைதான்.

பலரும் தவறுவது கலவையில்தான். பாலியெஸ்டருக்கு, அதை இறுகச் செய்யும் வினையூக்கி பொதுவாக 1 முதல் 2 சதவீதம்; அதைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும். எப்பாக்சியில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ரெசினோடு கலந்து அதை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால், மிஞ்சியது வினைபுரியாமல் தங்கி, பூச்சு நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். டப்பாவில் ரெசினுக்கும் ஹார்டனருக்கும் 2:1 என்று இருந்தால் அது கனஅளவா எடையா என்பதையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. கலந்ததைக் குவளையிலேயே நிறைய வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து உறைந்துவிடும் என்பதால், நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கிறேன்.

ஒரே தடித்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் மேல். முதல் பூச்சு விரலில் ஒட்டாமல், ஆனால் விரல் ரேகை பதியும் நிலையில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அந்த நேரம் தவறிவிட்டால், முழுதும் இறுகும்வரை பொறுத்து, எப்பாக்சியானால் மேலே மெழுகுபோல் படிந்திருப்பதைத் தண்ணீரால் கழுவிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. நான் 120ஆம் எண் தாளில் (எண் கூடக்கூடத் தாள் நைசாக இருக்கும்) தொடங்கி 220, பிறகு தண்ணீர் விட்டு 400 என்று போகிறேன். தேய்க்கும்போது முகமூடியும், பூசும்போது நைட்ரைல் கையுறையும் ரசாயன ஆவியை வடிகட்டும் சுவாசக் கவசமும் கட்டாயம். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் தோல் தடித்துவிடும்.

தேய்த்து முடித்ததும் வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சான சாம்பல் நிற பிரைமரை மெல்லியதாக அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கிறேன். அதுவரை கண்ணில் படாத ஊசிமுனைத் துளைகள் அப்போதுதான் வரிசையாகத் தலைகாட்டும். பட்டி பூசி அவற்றை அடைத்துவிட்டு, மறுபடியும் 220லிருந்து தேய்க்கத் தொடங்க வேண்டியதுதான்.