பின்கட்டுத் தோட்டம்: ஆடி முதல் புரட்டாசி வரை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்று எங்கள் சமாதானக் குழுவில் பேசிப் பேசியே பாதி ஆடியை ஓட்டிவிட்டோம். ஒருவழியாக இன்று வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, தண்டுக்கீரை எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன.

இடம், எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு ஒன்றின் பின்புறம். முகப்பு ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்தால்தான் கதவு திறக்கும். சாவி வைத்திருக்கும் ஆச்சி எல்லாரிடமும் போனில் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். "மரம் மட்டும் வைக்காதீக. மத்தது என்ன வேணும்னாலும் போட்டுக்கிருங்க." நியாயம்தான். இன்று மரம் வைத்தவன் நாளைக்குப் பாத்தியதை கேட்பான் என்ற பயம் எந்தப் பங்காளிக்கும் இருக்கும்.

செம்மண். ஒரு சாணுக்குக் கீழே சரளை, மண்வெட்டி தெறிக்கிறது. கடப்பாரையால் குத்திக் கிளறி, கல்லைப் பொறுக்கி வரப்போரம் போட்டு, கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் கலந்தோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அது பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 6, புதன்

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இன்றோடு 80 ஆண்டுகள். ஒவ்வொரு வருஷமும் காரைக்குடியில் நாலு சுவருக்குள், மின்விசிறிக்கடியில், ஏற்கெனவே சமாதானத்தை நம்புகிற நாங்களே எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இந்தத் தடவை கூட்டம் தோட்டத்தில். குண்டில் தப்பியவர்களின் அமைப்பான நிஹான் ஹிடாங்கியோவுக்குப் போன வருஷம் அமைதிக்கான நோபல் கிடைத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அரளியைப் பற்றிச் சொன்னதும்தான் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

அரளிதான் ஹிரோஷிமா நகரத்தின் மலர். எரிந்துபோன மண்ணில் இனி ஒன்றும் முளைக்காது என்று பேசிக்கொண்டிருந்தபோது முதலில் பூத்த செடி அது. நம் ஊரில் அரளி என்றால் விஷம், கோயில் மாலை, இரண்டும்தான் நினைவுக்கு வரும். ஆடு வாய் வைக்காது என்பதால் வேலியோரம் வரிசையாக அதைத்தான் ஊன்றியிருக்கிறோம்.

எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் இலங்கையிலிருந்து 1990இல் படகில் வந்தவர், பக்கத்து முகாமில் இருக்கிறார். பேசச் சொன்னோம். "சண்டை ஓய்ஞ்சு ஊருக்குத் திரும்பிற சனம் முதல்ல கிணத்தைத்தான் இறைக்கும் தம்பி. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? அதுக்குப் பிறகுதான் வீடு, கூரை எல்லாம்." இதற்கு மேல் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர்ச் சண்டை. சமாதானக் குழுவுக்குள்ளேயே!

மோட்டாருக்குப் பக்கத்துப் பாத்தி சொதசொதவென்று கிடக்கிறது, கடைசிப் பாத்தியில் கீரை சுருண்டுவிட்டது. ஆளுக்கொரு நியாயம். நான் காந்தியிலிருந்து ஆரம்பித்தேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீர்த்து வைத்தவர் கோயில் வாசலில் பூக்கட்டும் பெரியவர். கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். பல ஊர்களில் அந்த வேலை நிலமில்லாத ஆளிடம்தான் இருக்கும். சொந்த வயல் இருந்தால் கை அந்தப் பக்கம் கொஞ்சம் தாராளமாகப் போகுமே! "பாத்தி இல்லாதவன்ட்ட மடையைக் குடுங்கப்பா" என்றார். எங்களில் பாத்தி இல்லாதவர் அவர் ஒருவர்தான். ஆகவே மடை இனி அவர் பொறுப்பு. கடைப் பாத்தியிலிருந்து ஆரம்பித்து மோட்டார் பக்கம் வருவார். கூலி, தினம் ஒரு கை காய்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

களை எடுக்கும்போது கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, வெண்டைக்காய் போட்டா போர் நின்னுருமா?"

நிற்காது. ஆனால் போர் வேண்டாம் என்று சொல்கிறவன் முதலில் தன் வயிற்றுக்கு வழி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்காட் நியரிங் என்ற பொருளாதாரப் பேராசிரியர் முதல் உலகப்போரை எதிர்த்து வேலை இழந்தார், வழக்கும் போட்டார்கள். 1932இல் வெர்மாண்டில் ஒரு பண்ணைக்குப் போய்விட்டார். சொந்தமாக விளைவித்துச் சாப்பிடுகிறவனை எந்த முதலாளி மிரட்ட முடியும்? காந்திக்கும் அதே கணக்குதான். தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகிகள் ஜெயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள், குடும்பங்களுக்கு மாதாமாதம் கொடுக்கப் பணம் தட்டியது. 1910இல் காலன்பாக் என்ற நண்பர் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரைக் கொடுக்க, டால்ஸ்டாய் பண்ணை உருவானது. பழமரங்களே ஆயிரத்துக்குக் கிட்ட. அங்கே இருந்தவர்களில் தமிழர்களும் உண்டு. சிக்கனமும் தோட்டமும் இல்லையென்றால் அந்தப் போராட்டம் பசியிலேயே முடிந்திருக்கும்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கோரைக் கிழங்கு வரைக்கும் தோண்டிப் பிடுங்கினான். நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தண்டுக்கீரை அறுத்தாயிற்று. ஆச்சி வீட்டுக்கு ஒரு கட்டு கொண்டுபோனேன். வளவு, அதாவது உள்முற்றத்துத் தூணைக் காட்டி, "இது பர்மாத் தேக்கு, எங்க ஐயா காலத்துல வந்தது" என்றார். ஐயாவுக்கு வட்டிக்கடை அங்கே மௌல்மீனில். பர்மாவில் வெள்ளைக்காரன் துப்பாக்கி முன்னால் போனது, நம் ஊர்க் கணக்குப் புத்தகம் பின்னால் போனது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. ஆச்சியின் அப்பச்சி (அப்பா) மணிப்பூர் வழியாக நடந்தே ஊர் சேர்ந்தார், கையில் ஒன்றுமில்லாமல். இவ்வளவையும் ஆச்சி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

வாங்குகிற பொருள் எந்த வழியில் வந்ததோ, அதற்கும் வாங்குகிறவன் பொறுப்பு என்று தஞ்சாவூர்க்காரரான காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா வாதாடினார். கடைசிக் காலத்தில் டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு அவரை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. 1927 செப்டம்பரில் காந்தி இந்தப் பக்கம் வந்தபோது, இந்த மாளிகைகளுக்குச் சாமான் போடும் வேலையைத் தன்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்து, இதைவிட வசதியும் செய்து தருவேன் என்று மேடையிலேயே சொன்னார். அதே பயணத்தில்தான் சிராவயல் ஆசிரமத்தில், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவைப் பார்த்தார். இப்போது இந்த மாளிகைகளில் சில விடுதிகளாகிவிட்டன. எளிய கிராம வாழ்க்கையை அனுபவிக்க ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை!

செப்டம்பர் 21, ஞாயிறு

உலக அமைதி நாள், கூடவே மகாளய அமாவாசை. ஊர் முழுக்க அமாவாசைதான். கொத்தவரைக்கு விடிகாலையிலேயே ஆள் வந்துவிட்டார்கள், ஏழு மணிக்குச் செடியில் பிஞ்சுதான் மிச்சம். வெண்டை நிறையக் காய்த்திருக்கிறது. நாளைக்கு ஆச்சி வீட்டில் வெண்டைக்காய் மண்டிக் குழம்பு. அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். முகாம் அக்கா விதைக்கென்று சில காய்களைச் செடியிலேயே முற்ற விட்டிருக்கிறார்.

கோலாலம்பூர்ப் பங்காளி ஒருவர் போன் செய்தாராம், காய் விற்ற காசில் தனக்குப் பங்கு உண்டா என்று. "வந்து ஒரு நாள் சரளை பொறுக்கிட்டு வாங்கிக்க அப்பச்சி" என்று ஆச்சி சொல்லிவிட்டார். அடுத்து ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்தியை ஒரு முழம் உயர்த்த வேண்டும். வண்டலுக்குச் சொல்லியாயிற்று.